‘ஐயோ’ எமன் மனைவியோ?

“ஐயோ என்று சொல்லாதே, அஃது எமனுடைய மனைவியின் பெயர், அழைத்தால் வந்து நிற்பாள்!” இவ்வாறு சொல்லிக் குழந்தைகளின் வாயை அடைக்கும் வழக்கம் தமிழர் வீடுகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை. கால் இடறி வீழ்ந்த பிள்ளை அலறுகின்றது. அதனைத் தூக்கி நிறுத்துமுன் அதன் வாயிலிருந்து வந்த சொல்லுக்காக அதனைக் கடிந்து கொள்கின்றனர். நோவு ஒருபால்; நோவைச் சொல்லியதற்கு வசை மற்றொருபால். தன் துன்பத்தைத் தன் தாய்மொழியிற் சொல்லுதல் தீங்கு என்னும் நஞ்சு, எழுத்தறியுமுன்னரே அப்பிள்ளையின் நெஞ்சில் ஊட்டப்படுகின்றது. இதனைச் சிறிய செய்தி என்று ஒதுக்குவோர் மொழி எங்கு வாழ்கின்றது, எங்குச் சாகின்றது என்பதை அறியாதார் ஆவர்.

இக்கதையைக் கட்டியவர் எவரோ, அவர் தம் தொன்மங்களையேனும் ஒழுங்காகப் படித்தாரா என்றால் அதுவும் இல்லை. மாபாரதம் எமனுடைய துணைவியைத் தூமோர்ணை என்னும் பெயரால் குறிக்கின்றது. ‘ஐயோ’ என்னும் பெண்ணொருத்தி அங்கு இலள். தமிழ்ச் சொல் ஒன்றின் கழுத்தில் இல்லாத ஒருத்தியின் பெயரைக் கட்டி, அச்சொல்லையே தீட்டாக்கிய விரகு இது.

மெய்யன்பர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோரும் இக்கதையை நம்புகின்றனரே, அவர்க்கு ஒரு வினா. திருப்பாணாழ்வார் அரங்கத்தில் திருமாலின் சிவந்த வாயழகைக் கண்டு உள்ளம் பறிகொடுத்துப் பாடுமிடத்து ‘ஐயோ’ என்கின்றார். தாம் உயிரினும் மேலாகப் போற்றிய கடவுளின் முன் நின்று, கூற்றுவன் மனைவியையா அவர் கூவி அழைத்தார்? கம்பர், கானகம் செல்லும் இராமனின் மேனிக்கு உவமை தேடித் தேடி, மையென்றும் மரகதமென்றும் கடலென்றும் முகிலென்றும் அடுக்கிப் பார்த்து, ஒன்றும் ஈடாகாமை கண்டு ‘ஐயோ’ என்று வியந்து நிற்கின்றார். சொல்லின் வேந்தராகிய அவர்க்குச் சொல் தீர்ந்த இடத்தில் கைகொடுத்த சொல் அது. அதனையா தீச்சொல் என்று பிள்ளையின் நாவினின்று பிடுங்குவது?

அங்ஙனமாயின் அச்சொல்லின் பொருள்தான் யாது? விடை தொல்காப்பியத்திலேயே உள்ளது. ‘ஐ’ என்னும் ஓரெழுத்து ஒருமொழிக்கு வியப்பு என்று பொருள் வகுத்தார் தொல்காப்பியர். உரியியலைத் திறந்தோர் அனைவரும் காணலாம். தலைவன், தந்தை, பெரியோன் என்னும் பொருள்களும் ‘ஐ’க்கு உண்டு, ஐயன், ஐயை என்பன அதன் கிளைகள். ஐயன் என்பது விளியேற்று ‘ஐய’ என்றும் ‘ஐயா’ என்றும் ‘ஐயோ’ என்றும் நிற்கும். ஆகவே, இடுக்கண் வந்துற்ற காலை ‘ஐயோ’ என்பவன் தன்னைப் பெற்றோனை, தன்னைக் காப்போனைக் கூவுகின்றான். வியப்பு மிக்க காலை ‘ஐயோ’ என்பவனும் தன்னினும் பெரியதொன்றைக் கண்டே கூவுகின்றான். இரண்டிடத்தும் சொல் ஒன்றே. அதனை எடுத்தும் படுத்தும் சொல்லும் ஓசையே வேறு. மலையாளத்தாரும் கன்னடரும் தெலுங்கரும் சிங்களரும் இச்சொல்லை இன்றும் வழங்குகின்றனர். அவர் அனைவரும் எமன் மனைவிக்கு உறவினரோ?

இன்னும் ஒன்று. புதிய பொம்மையைக் கண்ட குழந்தை, மழையில் முதற்றுளியைக் கையில் ஏந்திய குழந்தை, “ஐ!” என்று துள்ளுகின்றது. அதற்கு அச்சொல்லை எவரும் ஓலையெழுதிக் கற்பிக்கவில்லை. தாயின் வாய்க்குக் கேட்டது. தாய் தன் தாயின் வாய்க்குக் கேட்டது. தொல்காப்பியர் நூற்பாவில் வைத்த அதே சொல், அதே பொருளில், எழுத்தறியாக் குழந்தையின் நாவில் உயிரோடு ஆடுகின்றது. இத்துணைப் பழைமையும் இத்துணை இளமையும் ஒருங்கே உடைய சொற்கள் எத்துணை மொழிகட்கு வாய்த்தன? அக்குழந்தை ஐந்தாண்டு நிரம்பி ஆங்கிலவழிப் பள்ளியிற் புகுந்ததும் “ஐ என்னாதே, வாவ் என்று சொல்” என்று திருத்தப்படுகின்றது. திருத்தம் அன்று அது, களவு.

உணர்ச்சி மிக்கவிடத்து எழும் சொற்களைத் ‘தெருப்பேச்சு’ என்றும் ‘பட்டிக்காட்டு வாய்’ என்றும் இகழ்வார் அவற்றை ஒருகால் எண்ணிப் பார்த்தாரல்லர். அம்மாடி, அம்மாடியோ, ஆத்தாடி, அடி ஆத்தி, அப்பாடா, அப்பப்பா, அடேயப்பா, ஐயையோ, ஐயகோ! இவை வெற்றொலிகளா? ஒவ்வொன்றினுள்ளும் ஒரு தாய் இருக்கின்றாள், அல்லது ஒரு தந்தை இருக்கின்றான். கொங்கிலும் பாண்டி நாட்டிலும் தாயை ஆத்தா என்பர்; அதனால் அங்கு அச்சம் வந்தால் ‘ஆத்தாடி’. சுமைதாங்கிக் கல்லின்மேல் தலைச்சுமையை இறக்கிய உழைப்பாளியின் நெஞ்சிலிருந்து வருவது ‘அப்பாடா’. அந்த ஒரு சொல்லில் உள்ள ஆறுதலை நீண்டதொரு சொற்றொடரால் விளக்கப் புகுந்தாலும் முடியாது. இத்தாலியரும் வியப்பு வந்தால் ‘மம்மா மியா’, அஃதாவது ‘என் தாயே’ என்கின்றனர். அவர் அதற்கு நாணவில்லை. உலகமெல்லாம் அதனைப் பாட்டாகப் பாடுகின்றது. தமிழன் மட்டும் தன் தாயைத் தெருவில் அழைக்க நாணுகின்றான்.

‘அம்ம’ என்பதைப் பாருங்கள். கேட்போனைத் தன்பால் திருப்பிக் கேட்கச் செய்யும் இடைச்சொல் அது என்று இடையியல் சொல்லும். விளிமரபோ, அச்சொல் நீண்டு விளியொடு பொருந்தும் என்று கூறும். இன்றும் ஒருவர் ஒரு செய்தியைத் தொடங்குமுன் “அம்மா, கேளுங்கள்” என்றும் “ஏம்மா” என்றும் விளிப்பது அப்பழைய மரபின் நீட்சியன்றி வேறென்ன?

நெல்லையிலும் குமரியிலும் ‘எலே’, ‘ஏலே’, ‘ஏலா’ என்று விளிப்பதைத் திரைப்படங்களில் நகையாட்டுக்கெனவே வைக்கின்றனர். அரங்கில் அமர்ந்தோர் சிரிக்கின்றனர். சிரிக்கட்டும், ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கின்றோம் என்பதை அறிந்து சிரிக்கட்டும். கலித்தொகையில் காதலரும் தோழியரும் ஒருவரையொருவர் ‘எல்லா’ என்று விளிக்கின்றனர். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகிய, உரிமை கெழுமிய விளிச்சொல் அது என்று உரையாசிரியர் விளக்குவர். குறுந்தொகையில் தோழனை ‘எலுவ’ என்று அழைக்கும் தலைவன் உளன். அக்குடும்பத்துச் சொல்லே பொருநைக் கரையில் ‘எலே’ என்று நடமாடுகின்றது. ஈராயிரம் ஆண்டுச் செல்வத்தை ஒரு சிரிப்புக்கு விற்பவர்க்கு வேறு பெயர் வேண்டுவதில்லை. மச்சான் என்பதும் அவ்வாறே. மைத்துனன் என்னும் முறைப்பெயர் மருவி மச்சான் ஆகி, இளைஞர் வாயில் ‘மச்சி’ ஆயிற்று. இலங்கையில் சிங்கள இளைஞரும் நண்பனை ‘மச்சாங்’ என்றே அழைக்கின்றனர். குருதியுறவு இல்லாதானை உறவினன் ஆக்கிக் கொள்ளும் பண்பாடு அச்சொல்லில் உறைகின்றது.

பழந்தமிழ் இலக்கணியர் இச்சொற்களைக் கண்டு மூக்கைப் பொத்தியவரல்லர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களையும், மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்களையும் கண்டவர் தொல்காப்பியர். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார், ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கிக்கொள்ளும் சொற்களுக்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டு இலக்கணத்திலேயே இடமளித்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் உரைநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். உண்டவன் வாயைத் திறந்து உள்ளதை உளறச் செய்வதனால் கள் சொல்விளம்பி ஆயிற்று. இதனினும் நகைச்சுவையும் நுண்மையும் உடைய தெருச்சொல்லை இன்றைய எந்த நகரமேனும் படைத்துள்ளதா? இலக்கணியர் ஏற்றதை இன்றைய அரைப்படிப்பாளர் இகழ்கின்றனர்.

இவ்விகழ்ச்சியின் அடிவேர் எங்குள்ளது என்பது 2016ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலி ‘ஐயோ’ என்னும் சொல்லைத் தன் சொற்பட்டியலிற் சேர்த்தது. அன்று செய்தித்தாள்கள் ஆர்ப்பரித்தன. “தமிழன் சொல் உலகேறியது” என்று நேற்றுவரை அச்சொல்லைப் பிள்ளைகளுக்கு மறுத்தவரும் மார்தட்டினர். வெள்ளைக்காரன் முத்திரை குத்துமுன் தீச்சொல், குத்தியபின் பெருமைச்சொல்! தன் வீட்டுப் பொன்னை அயலான் உரைகல்லில் உரைத்துப் பார்த்த பின்னரே பொன் என்று நம்பும் இந்த அடிமை நெஞ்சமே நோயின் வேர். மற்றவையெல்லாம் அதன் கொப்புளங்கள்.

மகிழ்ச்சியையும் பாராட்டையும் சொல்வதற்குக்கூட அயலாரிடம் கையேந்தும் நிலையைப் பாருங்கள். மேடையிலே ஒருவன் நன்கு பேசினால் ‘சபாசு’ என்கின்றனர். பாரசீகத்தில் ‘மகிழ்ந்திரு’ என்று பொருள்படும் ‘சாத்பாசு’ என்பதன் திரிபு அது. பாரசீகம் அரசவை மொழியாய் இருந்த காலத்தின் எச்சம். தமாசு, குசி, பேசார் என்பனவும் அவ்வழி வந்தவையே. கில்லாடி என்று பெருமிதத்தோடு பட்டம் சூட்டிக்கொள்கின்றனர். வடபுலத்தில் அதற்கு ஆட்டக்காரன் என்பதற்கு மேல் பொருள் இல்லை. கண்ணாமூச்சி ஆடும் நகரத்துச் சிறுவர் ‘ஐசுபாய்’ என்று கத்துகின்றனர். ‘நான் ஒற்றுப் பார்க்கின்றேன்’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்கள் இரண்டு ஒட்டிப் பிறந்த பிள்ளை அது. ஆடும் சிறுவர்மேல் குற்றமில்லை. நன்று, நனிநன்று, ஆகா, அடடா, ஓகோ என்று வாய் நிறையச் சொல்லக்கூடிய சொற்கள் இருக்க, அவற்றைச் சிறுவர் செவியில் இடாத மூத்தோர்மேலேயே குற்றம். திருவள்ளுவர் காமத்துப்பாலில் ‘ஓஒ’ என்று அளபெடுத்து மகிழ்ந்தாரே, அம்மகிழ்ச்சியைச் சொல்ல அவர் பாரசீகம் போகவில்லை.

சென்னையின் ஏழை மக்கள் பேச்சைக் குப்பை என்பார் உளர். அப்பேச்சின் அடையாளமாக அவர் எடுத்துக்காட்டும் வசைச்சொல் ‘கசுமாலம்’. அதனைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு, “இதுதான் உங்கள் தமிழோ?” என்று ஏளனம் செய்வர். ஐயன்மீர், அது தமிழன்று; அழுக்கு, இழிவு, மயக்கம் என்னும் பொருள்களையுடைய சமற்கிருதச் சொல். பகவற்கீதையின் இரண்டாம் இயலில் கண்ணன் அருச்சுனனை நோக்கிச் சொல்லும் முதற் கூற்றிலேயே அச்சொல் உள்ளது. கீதையில் இருந்தால் தேவமொழி, மீன்விற்கும் பெண்ணின் வாயில் இருந்தால் சேரிமொழி என்பது எந்த ஊர் முறை? அந்த ஏழைமகள் மேற்குடியாரிடமிருந்து வாங்கிய கடனைத்தான் மேற்குடியார்க்குத் திருப்பித் தருகின்றாள்.

இவ்விடத்தில் தமிழ்ப்பற்றாளர் சிலர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். பகைவர் சொன்ன எமன் மனைவிக் கதை பொய் என்றால், பற்றாளர் சொல்லும் பொய்யும் பொய்யே. சீனர் ‘ஐயா’, ‘ஐயோ’ என்று ஒலிக்கக் கேட்டவுடன், “சீனனுக்குத் தமிழன் அழக் கற்றுக்கொடுத்தான்” என்று எழுதுவது ஆராய்ச்சியன்று. நோவும் வியப்பும் மாந்தர் அனைவர்க்கும் பொது. நாவும் தொண்டையும் பொது. ஆகலின் தொடர்பில்லாத மொழிகளிலும் ஒத்த ஒலிகள் எழுதல் இயல்பு. ஓசை ஒப்புமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. வழக்கின் வரலாறும் பொருளின் வளர்ச்சியும் இனச்சொற்களின் வரிசையும் காட்டப்படல் வேண்டும். 1974இல் தொடங்கப்பட்ட செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு இயக்குநராய் அமர்ந்து 1981இல் மறையும் வரை பாவாணர் சொற்களின் வேரைத் தோண்டியது, கண்டபடி கதை கட்டுவதற்கு அன்று. மெய்யே போதிய அளவு பெருமை தரும்போது பொய்யின் துணை எதற்கு?

இனிப் பட்டப்பெயர்களைப் பற்றி. ஒருவர்க்கு விளையாட்டாகப் பெயரிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. கழக இலக்கியத்தில் இயற்பெயர் மறைந்து, தாம் பாடிய தொடராலேயே பெயர் பெற்ற புலவர் பலர். செம்மண்ணில் பெய்த மழைநீரைப் பாடியவர் செம்புலப் பெயல்நீரார். மக்கள் நீங்கிய வீட்டு முற்றத்தில் அணில் ஆடுவதைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். ஒற்றை ஏருடைய உழவனின் விரைவைப் பாடியவர் ஓரேருழவனார். குப்பைமேட்டில் தாமே போர்புரியும் கோழிகளைப் பாடியவர் குப்பைக் கோழியார். முதுமையில் ஊன்றுகோலைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார், விட்ட குதிரையார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று அவ்வரிசை நீளும். உவே. சாமிநாதர் 1894இல் புறநானூற்றையும் 1937இல் குறுந்தொகையையும் பதிப்பித்தபோது இப்பெயர்கள் ஏட்டினின்று மீண்டும் ஒளிபெற்றன. தந்தை இட்ட பெயர் அழிந்தது. மக்கள் இட்ட பெயர் நின்றது. ஒருவன் செய்த நன்மையை அவன் பெயராக்கிய நாகரிகம் இது.

உடற்குறையாற் பெயர் பெற்றாரும் உளர். காலில் தீப்பட்டதனால் சோழன் ஒருவன் கரிகாலன் ஆனான் என்பது வழிவழிச் செய்தி. அவனைப் பொருநராற்றுப்படையிற் பாடியவர் முடத்தாமக் கண்ணியார். ஐயூர் முடவனார் என்னும் புலவர் மன்னர் அவையில் மதிக்கப்பட்டார். அப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் ‘ஆர்’ என்பதைக் கவனியுங்கள். குறையைச் சொன்ன நாவே உயர்வையும் உடன் சொன்னது. இன்றைய பள்ளி முற்றத்திலோ, கால் ஊனமுற்ற பிள்ளை ‘நொண்டி’. திக்கிப் பேசும் பிள்ளை ‘திக்குவாயன்’. கருநிறத்துப் பெண்பிள்ளை ‘காக்கை’. அங்கு ‘ஆர்’ இல்லை; நஞ்சுதான் உள்ளது. பெயர் சூட்டிய கூட்டம் மறுநாள் மறந்துவிடும். சூட்டப்பட்ட பிள்ளை எழுபது ஆண்டும் மறவாது. சில ஆசிரியரே வருகைப் பதிவின்போது அவ்விழிபெயரால் அழைத்து வகுப்பைச் சிரிக்கவைக்கின்றனர். தமிழ் கற்பிக்கும் வாய் அதனைச் செய்யுமாயின், அவ்வாய் கற்பித்த திருக்குறள் அனைத்தும் வீண்.

நாட்டுப்புறத்தில் குப்பன், குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி என்னும் பெயர்களைக் கேட்டு நகைப்போர், அவற்றின் பின்னுள்ள கண்ணீரை அறியார். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையிற் கிடத்தி எடுத்தும், பிச்சையாக வாங்குவதுபோல் வாங்கியும், சாவு அதனை விரும்பாதிருக்கட்டும் என்று தாய் இட்ட பெயர்கள் அவை. அது மூடநம்பிக்கையாயினும் அதனுள் இருப்பது அன்பு. ஆனால் பெண் மகவுக்குப் ‘போதும்பெண்’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் பெயரிடும் வழக்கில் அன்பும் இல்லை, அறிவும் இல்லை. அச்சொற்கள் தூய தமிழ் என்பதனால் அச்செயல் தூய்மை ஆகிவிடாது.

வசைச்சொற்களிலும் இவ்வாறே. ‘கம்மனாட்டி’ என்று ஒருவனை ஏசுகின்றனர். கைம்பெண்டாட்டி என்பதன் சிதைவு அது. ‘அறுதலி’ என்பதும் தாலியிழந்தாளைக் குறிப்பதே. கணவனை இழந்த ஒருத்தியின் துயரத்தை எடுத்து, எவனோ ஒருவன்மேல் கல்லாக எறிகின்றனர். ஏசப்பட்டவனுக்கு அது வலிக்கின்றதோ இல்லையோ, அடுத்த வீட்டில் அதனைக் கேட்டிருக்கும் கைம்பெண்ணுக்கு வலிக்கும். பிறப்பால் தமிழாயினும் இத்தகைய சொற்களைக் காக்கவேண்டும் என்று எவரும் சொல்லார். அவற்றின் வரலாறு அகரமுதலியில் இருக்கட்டும், நாவில் வேண்டா. அயற்சொல்லை விலக்குவது மொழித்தூய்மை. கொடுஞ்சொல்லை விலக்குவது மனத்தூய்மை. முன்னதைச் செய்து பின்னதைச் செய்யாதான் பாதித் தமிழனே.

ஆகலின் தமிழ்ப் பெற்றோரே, தமிழாசிரியரே, செய்யவேண்டுவன அரியன அல்ல. வீழ்ந்த பிள்ளை ‘ஐயோ’ என்றால் தூக்கி அணைத்துக் கொள்க. மகிழ்ந்த பிள்ளை ‘ஐ’ என்றால் உடன் மகிழ்க. எமன் மனைவிக் கதையைச் சொல்வார்க்கு அரங்கத்து ஆழ்வாரையும் கம்பரையும் விடையாகச் சொல்லுக. பாராட்டும் இடத்தில் ‘நன்று’ என்க. பள்ளியில் ஒரு பிள்ளையின் குறையைப் பெயராக்கிக் கூவும் கூட்டத்தை அன்றே தடுத்து, அப்பிள்ளையின் திறமை ஒன்றைக் கண்டு அதனைப் பெயராக்குக. குறுந்தொகையின் பெயர் வரிசையே அதற்குப் பாடநூல். ஊர்தோறும் மூத்த பெண்டிர் வாயில் வழங்கும் வியப்புச் சொற்களையும், உழவர், நெசவாளர், மீனவர் தமக்குள் வழங்கும் குழூஉக்குறிகளையும், அவற்றின் பொருளோடும் ஒலிப்போடும் ஏட்டில் எழுதி வைக்க. எந்த அச்சு நூலிலும் ஏறாத அச்சொற்கள் அம்மூதாட்டியரோடே மறைந்து கொண்டிருக்கின்றன. ஒரு மூதாட்டி மறையும்போது எரிவது உடல் மட்டும் அன்று.

பாட்டும் உரையும் கற்றோர் தமிழ். அரசாணையும் அறிவியலும் நாளை வளரவேண்டிய தமிழ். அழுகையும் சிரிப்புமோ எல்லார்க்கும் உரிய தமிழ். அதனையும் அயலாரிடம் ஒப்படைத்த பின், காப்பதற்குத் தமிழில் எஞ்சுவது யாது?